குடிபெயர்ந்த கோடு: கோபுலுவின் தஞ்சாவூரும் சென்னை வாசகரும்

ஓவியர் கோபுலுவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ‘ஆவணம்’ என்ற ஒரு சொல்லில் வந்து நின்றுவிடுகிறார்கள். காவிரிக்கரை அக்கிரகாரம், கோயில் பிராகாரம், நாயனக் கோஷ்டி, கல்யாணப் பந்தல் எல்லாம் அவர் படங்களில் உள்ளது உள்ளபடி பதிவாகியிருக்கின்றன என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தஞ்சாவூர், தஞ்சாவூரை விட்டு வந்தவர்களுக்காகச் சென்னையில் உட்கார்ந்து வரையப்பட்டது. யாருக்காக வரைந்தார் என்பதைக் கழித்துவிட்டால் அவர் எதைப் போட்டார், எதை விட்டார் என்பது பிடிபடாது.

எஸ். கோபாலன் 1924இல் தஞ்சாவூரில் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் அப்போது கொடிகட்டிப் பறந்த ஓவியர் மாலிதான் அவரைக் ‘கோபுலு’ ஆக்கினார். கோயில் சிற்பங்களை வரைந்த சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயர் வைத்ததும் அதே மாலிதான். மாலி கோபுலுவுக்கு முதலில் கொடுத்த வேலைகளில் ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். திருவையாற்றுக்குப் போய், தியாகராஜர் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரச் சொன்னார். சென்னையிலிருந்து அச்சாகும் தீபாவளி மலருக்காகக் காவிரிக்கரையிலிருந்து ஒரு படம். பின்னால் பல ஆண்டுகள் கோபுலு செய்த வேலையின் வித்து அதில் இருக்கிறது.

அந்தப் படத்துக்குக் காத்திருந்த வாசகர் யார்? எஸ்.எஸ். வாசன் விகடனை வாங்கிய 1928ஆம் ஆண்டில்தான் சென்னையில் மியூசிக் அகாடமியும் பிறந்தது. மாம்பலம் ஏரி தூர்ந்து தியாகராய நகர் வீடுகளாக எழுந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். பிராமணரல்லாதார் கட்சியான நீதிக்கட்சியின் தலைவர் பெயர் தாங்கிய பேட்டையில் தஞ்சை ஜில்லாவிலிருந்து வந்த பிராமணக் குடும்பங்கள் இத்தனை குடியேறியது சரித்திரத்தின் குறும்பு. மயிலாப்பூரிலும் இதே கதைதான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்தவர்களுக்கு, ஊர் என்பது கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் மட்டும் போய்வரும் இடமாகிவிட்டது. வாரா வாரம் விகடன் அந்த ஊரை வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டது.

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1950களில் கோபுலுவின் படங்களோடு விகடனில் தொடராக வந்தபோது இது உச்சத்துக்குப் போயிற்று. சபா மேடையில் பாட்டுக்கும் வீணைக்கும் கிடைத்த இடம் நாகஸ்வரத்துக்குக் கிடைக்கவில்லை. கபாலீசுவரர் கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டின்போதோ முகூர்த்தத்திலோ கேட்பதுதான் பெரும்பாலும். கதையோ முழுக்க முழுக்க ஒரு நாயனக்காரருடையது. சீவாளிகள் நாயனத்திலிருந்து கொத்தாகத் தொங்குவது, தவில்காரர் விரலில் கூடு மாட்டியிருப்பது, ஊதும்போது கன்னம் உப்புவது எல்லாம் தஞ்சாவூர்ப் பையன் தெருவில் நின்று பார்த்தவை. பட்டணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை. அந்த நாயனக்காரன் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கர்வம் எழுத்தில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவு அவன் கழுத்தின் நிமிர்விலும் இருந்தது. இன்னொரு பாத்திரமான வைத்தியின் குழைவு, கோபுலுவின் படத்தைப் பார்த்த பிறகுதான் வசனத்தில் காதில் விழுந்தது என்றுகூடச் சொல்வேன். 1968இல் கதை சினிமாவாகி, நாகேஷ் வைத்தியாகத் திரையில் வந்து நின்றபோது, தொடராகப் படித்தவர்களின் மனத்தில் ஏற்கெனவே ஒரு வைத்தி குடியிருந்தான்.

இத்தனையும் கறுப்புக் கோட்டில். வாரப் பத்திரிகையின் மலிவான தாளில் நுணுக்கமான நிழல் தீட்டினால் மை ஊறி அப்பிக்கொள்ளும். துத்தநாக பிளாக்கில் கோடு தெளிவாக விழுந்தால்தான் அச்சில் நிற்கும். கோபுலுவின் சிக்கனத்தை அழகியல் என்று மட்டும் பாராட்டுபவர்கள் ஒருமுறை அச்சுக்கூடத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் அதே பிளாக், அதே தாள்தான் மற்ற ஓவியர்களுக்கும். நெருக்கடியை அவர் பாணியாக மாற்றிக்கொண்டார். அவருடைய வசனமில்லாச் சிரிப்புப் படங்கள் அதற்குச் சாட்சி. கீழே வரி கிடையாது. எனவே கண் முதலில் எங்கே விழ வேண்டும், எங்கே போய்ச் சிரிக்க வேண்டும் என்பதைக் கோடே நிர்ணயித்தாக வேண்டும். ஓர் உருவம் கூடினால் சிரிப்பு செத்துவிடும்.

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்பு சென்னைக்காரன்தானே? முதலில் ஓவியர் ராஜு வரைந்த சாம்புவைப் பிற்பாடு சித்திரத் தொடராகக் கொண்டுவந்தவர் கோபுலு. நகரத்தையும் அவர் நன்றாகவே அறிந்திருந்தார். உண்மை. ஆனால் வழுக்கையும் கருட மூக்குமாக, பேங்க் வேலை போய், அசட்டுத்தனத்தாலேயே துப்பு துலக்கும் சாம்பு யார்? நகரத்தின் அவசரம் பிடிபடாத ஆள். அவனைப் பார்த்துச் சிரித்த தி. நகர் வாசகர் பாதி தன்னைப் பார்த்தே சிரித்தார்.

கோபுலுவின் கண்ணுக்கு எல்லையும் இருந்தது. திராவிட இயக்கம் தெருவை மாற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தச் சிரிப்புப் படங்களின் உலகம் பெரும்பாலும் கூடத்துக்கும் திண்ணைக்கும் நடுவிலேயே சுழன்றது. வேலைக்காரியும் பிச்சைக்காரரும் வந்தால் சிரிப்புக்காகத்தான் வந்தார்கள். பத்திரிகையின் குறை என்று சொல்லி ஓவியரைத் தப்பவிட எனக்கு மனமில்லை; தேர்ந்தெடுத்து வரைந்தார் என்று சொல்லும் நான், விட்டதற்கும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

1960களில் அவர் விளம்பரத் துறைக்கு நகர்ந்தார். பிறகு சொந்தமாக ‘ஆட்வேவ்’ நிறுவனத்தை நடத்தினார். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். முதுமையில் வலது கை பக்கவாதத்தால் முடங்கியபோது இடது கையால் வரையப் பழகினார். 2015 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

இன்று இந்தப் படங்களைத் தேடும் ஆய்வாளருக்கு உள்ள சிக்கல் வேறு. மயிலாப்பூர் வீடுகளில் தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்தார்கள். லஸ் முனைப் பழைய புத்தகக் கடையில் இன்றும் அப்படியொன்று கிடைக்கலாம். கதையோடு கோபுலுவின் படமும் அதில் பிழைத்திருக்கும். பக்கத்துத் தாளிலிருந்த சிரிப்புப் படம் போயிருக்கும். அச்சு நூலாக வந்த பதிப்புகளிலோ பல வேளைகளில் படங்களே கிடையாது. முழு இதழைப் பார்க்க வேண்டுமானால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். என் கையில் இருக்கும் ஒரு பைண்டு வால்யூமில், தையலுக்காக ஓரம் வெட்டியபோது ஒரு தவில்காரரின் இடது கை போய்விட்டது. கோபுலுவின் கையெழுத்து மட்டும் மூலையில் தப்பியிருக்கிறது.