கிண்டியில் படித்தவரும் 4 பிட் எடைகளும்

நியூரல் நெட்வொர்க் என்றாலே பெரிய மர்மம் மாதிரி பேசுகிறோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கோடிக்கணக்கான எண்கள்தான். குணகங்கள், பேச்சு வழக்கில் 'எடைகள்'. இந்த எண்களைச் சுருக்கும் வித்தை எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால், ஒரு கிளை நம்ம கிண்டி வரைக்கும் வருகிறது.

1952-இல் அமெரிக்காவில் டேவிட் ஹஃப்மன் தன் குறியீட்டு முறையை வெளியிட்டார். அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறியீடு. அதே வருஷம் கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் கே. ஆர். ராவ். பிற்பாடு டெக்சாஸில் ஆர்லிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அவருடைய நண்பர் நசீர் அகமது, பெங்களூரில் பிறந்தவர், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

1972-இல் கொசைன் உருமாற்றத்தை ஆராய அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் சொன்னதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். ஆனாலும் விடவில்லை. தன் ஆய்வு மாணவர் டி. நடராஜனையும் ராவையும் சேர்த்துக்கொண்டு 1973 கோடை முழுக்க அதிலேயே உட்கார்ந்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அதுதான் டிசிடி. ஜேபெக் படம் அதன் மேல்தான் நிற்கிறது.

டிசிடி தானாக எதையும் தூக்கிப் போடுவதில்லை. முக்கியமான விஷயத்தைச் சில எண்களுக்குள் திரட்டித் தருகிறது, அவ்வளவுதான். மிச்ச எண்களைத் தோராயமாக்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. சுருக்கம் அங்கே நடக்கிறது.

எடைகளின் கதை 1989-இல் வேகம் எடுத்தது. பெல் ஆய்வகத்தின் யான் லெகுன், ஜான் டென்கர், சாரா சோலா மூவரும், எந்த எடையை நீக்கினால் பிழை குறைவாகக் கூடும் என்று கணக்குப் போட்டு வெட்டினார்கள். 2015-இல் சாங் ஹான் குழு மூன்று படிகளைச் சேர்த்தது. தேவையில்லாத எடைகளை வெட்டுவது ஒன்று. மிஞ்சியவற்றைச் சில பொது மதிப்புகளுக்குள் அடக்குவது இரண்டு. கடைசியாக, நம்ம பழைய ஹஃப்மன். 240 எம்பி இருந்த அலெக்ஸ்நெட் 6.9 எம்பி ஆனது, துல்லியம் குறையாமல். 2016-இல் வேறொரு குழு, படங்களை அலசும் வலைகளின் வடிகட்டிகள் மீதே டிசிடியைப் போட்டுச் சுருக்கியது. ராவ், நடராஜன், அகமது மூவரின் கணக்கு இப்படித்தான் எடைகளுக்குள் நுழைந்தது.

சரி, சுருக்கியாச்சு. விரிப்பது? இங்கேதான் சிக்கல். ஓடும்போது மொத்தத்தையும் மெமரியில் விரித்தால் டிஸ்க்கில் மிச்சம் பிடித்த இடத்தால் என்ன லாபம்? ஹஃப்மனில் குறியீட்டு நீளம் மாறிக்கொண்டே இருப்பதால், ஆயிரமாவது எடை வேண்டுமென்றால் முன்னால் இருப்பதை எல்லாம் படித்துக்கொண்டு வரவேண்டும். தவிர, 45 நானோமீட்டர் சில்லுக் கணக்கில், வெளி மெமரியிலிருந்து 32 பிட் எடுக்கும் மின்சக்தி ஒரு தசமக் கூட்டலைவிட சுமார் 700 மடங்கு.

அதனால் இன்றைக்கு மொழி மாதிரிகளில் எளிய வழியே பிழைத்திருக்கிறது. ஜார்ஜி கெர்கானோவ் 2023-இல் தொடங்கிய லாமா.சிபிபி-யின் அடிப்படை 4 பிட் வடிவத்தைப் பாருங்கள். 32 எடைகள் ஒரு கட்டு. ஒவ்வொன்றுக்கும் 4 பிட், கட்டுக்குப் பொதுவாக 2 பைட்டில் ஓர் அளவுகோல். ஆக 18 பைட். எல்லாக் கட்டும் ஒரே நீளம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் தாவலாம். தேவைப்படும் கட்டை மட்டும் விரித்து, பெருக்கி, விட்டுவிடலாம். 700 கோடி எடை உள்ள மாதிரி 14 ஜிபியிலிருந்து சுமார் 3.9 ஜிபிக்கு இறங்கும். சேக்காட்டில் என் மேசை மேல் இருக்கிற 8 ஜிபி லேப்டாப்பில் அது ஓடுவதற்குக் காரணம் இந்த 18 பைட்தான்.

பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் இன்னும் கீழே போனது. 2017-இல் மாணிக் வர்மா குழுவின் போன்சாய் 2 கேபி ராம் உள்ள ஆர்டுவினோவை இலக்காக வைத்தது. அடுத்த வருஷம் வந்த ஃபாஸ்ட்ஜிஆர்என்என், ஒரு விழிப்புச் சொல்லை அடையாளம் காணும் மாதிரியை 1 கேபிக்குள் அடக்கியது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. படத்தில் எதை விடலாம் என்று சொல்லக் கண் இருக்கிறது. எடைகளில் யார் சொல்வது? சோதனைத் தொகுப்புதான். அது ஆங்கிலமாக இருந்தால், ஆங்கிலத்துக்குத் தேவைப்படாததுதான் 'தேவையில்லாதது' ஆகும். 2024-இல் கோஹியர் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள்: எடைகளைத் தோராயமாக்கும்போது லத்தீன் அல்லாத எழுத்து மொழிகளுக்கே அதிகச் சேதம். ஜப்பானிய மொழியில் தானியங்கி மதிப்பெண் சராசரியாக 1.7 சதவீதம்தான் குறைந்தது. மனிதர்கள் படித்து மதிப்பிட்டபோது 16 சதவீதம் குறைந்தது.

தமிழும் லத்தீன் அல்லாத எழுத்துதானே. அதனால் 4 பிட் மாதிரி ஒன்றை இறக்கினால், கூடவே வரும் மதிப்பெண் அட்டவணையை நம்பி நிறுத்தாதீர்கள். முழு மாதிரியையும் சுருக்கியதையும் ஒரே தமிழ்க் கேள்விக்குப் பதில் சொல்ல வைத்து, இரண்டையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். வேற்றுமை உருபு பிசகுகிறதா, வினைமுற்று ஒத்துப்போகிறதா என்று எந்த அட்டவணையும் நமக்காகப் பார்த்துச் சொல்லப் போவதில்லை.