ஒத்த மூச்சு



இரட்டை மாட்டு வண்டி செலுத்துவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஒற்றைத் திருக்கலில் காளைக்கு வலு உண்டா என்பதே கேள்வி. இரண்டாவது காளையை நுகத்தில் பூட்டிய அன்றே, இரண்டும் சேர்ந்து இழுக்கின்றனவா என்ற புதிய கேள்வி பிறந்துவிடுகிறது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், இரட்டை வலுவின் பயன் கெட்டு, வண்டியும் கோணி ஓடும். மோட்டார் சைக்கிளின் வரலாற்றிலும் இக்கேள்வி ஒரு காலத்தில் எழுந்தது. அதற்கு மனிதர் கண்ட விடைகளே இன்றைய பேச்சின் பொருள்.

பெற்றோலையும் காற்றையும் தக்க அளவிற் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் உறுப்பைக் காபரேற்றர் என்கிறோம். அதன் தத்துவம் பழையது. ஒடுங்கிய வழியினூடாகப் பாயும் பாய்பொருளின் வேகம் கூடும், அமுக்கம் குறையும். இத்தாலிய அறிஞர் வென்டூரி இதனை ஆராய்ந்து 1797இல் நூலாக வெளியிட்டார். காபரேற்றரின் ஒடுங்கிய கழுத்தினூடாகக் காற்று விரையும்போது, அங்கு குறைந்த அமுக்கம் பெற்றோலைச் சிறு துளை வழியே மேலிழுத்துத் துகள்களாகத் தூவுகிறது. ஆகவே, இயந்திரத்தின் மூச்சே அதன் உணவையும் கொண்டுவருகிறது எனலாம்.

தொடக்கத்தில் பல சிலிண்டர்களுக்கும் ஒரே காபரேற்றர் போதுமெனக் கருதினர். ஆங்கிலப் பொறியியலாளர் எட்வேட் டேர்னர் வகுத்து, 1931இல் விற்பனைக்கு வந்த ஏரியல் ஸ்குவயர் போர் வண்டியில் சிலிண்டர்கள் நான்கு, காபரேற்றர் ஒன்றே. அவரே ட்ரயம்ப் நிறுவனத்துக்காக உருவாக்கி, 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின் வண்டியிலும் இரு சிலிண்டர்கள் ஒரு காபரேற்றரையே பகிர்ந்துகொண்டன. ஊட்டும் வாய் ஒன்றாயிருந்தமையால், இருவருக்கும் பங்கு ஒத்துள்ளதா என்ற கவலை ஓட்டுநருக்கு இருக்கவில்லை.

ஆயினும் வேகத்தின் மீது மனிதர் கொண்ட ஆசை அடங்கவில்லை. 1956இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பொனவில் உப்புவெளியில், ட்ரயம்ப் இயந்திரம் பூட்டிய நீண்ட ஊர்தியொன்றில் ஜொனி அலன் என்பவர் மணிக்கு 214 மைல் வேகத்தில் விரைந்தார். அவ்வெளியின் பெயரைத் தாங்கி, 1959ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக ட்ரயம்ப் பொனவில் வெளிவந்தது. 649 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 46 பரிவலுவும் கொண்ட அவ்வண்டியில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஓர் அமால் காபரேற்றர் பொருத்தப்பட்டது. உயர் வேகத்தில் இயந்திரம் தாராளமாக மூச்சுவிட்டது. ஆனால் நுகத்தில் இரண்டாவது காளை ஏறிவிட்டது.

சிக்கல் எங்கே எழுந்தது என்பதைச் சற்றுக் கவனியுங்கள். காபரேற்றரின் காற்றுவழியில் உருளை வடிவான தடுப்பு ஒன்றுண்டு. ஓட்டுநர் கைப்பிடியைத் திருக, கேபிள் அதனை உயர்த்தும். பொனவில்லில் கைப்பிடியிலிருந்து புறப்பட்ட ஒரு கேபிள் இடைவழியில் இரண்டாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்று சிறிது தளர்ந்திருந்தாலும், ஒரு தடுப்பு முன்னரும் மற்றையது பின்னரும் எழும். அப்போது ஒரு சிலிண்டர் உழைக்க, மற்றையது அதன் உழைப்பில் இழுபட்டுச் செல்லும். வண்டி நின்றவிடத்தில் தடுமாறும், கைப்பிடி அதிரும், பெற்றோல் வீணாகும். உழைக்கும் சிலிண்டரே முந்தித் தேய்ந்துபோகும்.

இதனைத் தீர்க்க முதற்கருவியாக அமைந்தது மனிதனின் செவியே. இயந்திரத்தைச் சூடாக்கியபின், ஒரு சிலிண்டரின் பிளக் கம்பியைக் கழற்றி, மற்றையது தனித்து நின்று மெல்ல ஓடுமாறு திருகாணிகளைத் திருத்துவர். பின்னர் பக்கம் மாற்றி அவ்வாறே செய்வர். இரண்டும் தனித்து ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும், இரண்டையும் சேர்த்து இயக்கி, மிகுந்த வேகத்தை இருபுறமும் சிறிது சிறிதாகக் குறைப்பர். இறுதியில், தடுப்புகள் இரண்டும் ஒரே கணத்தில் எழும்படி கேபிள்களைச் சரிசெய்வர். சிலர் இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காற்றுவாயருகே பிடித்து, மறுமுனையைக் காதில் வைத்து, இரு சீறல்களையும் ஒப்பிட்டனர். வைத்தியர் நெஞ்சொலி கேட்பதைப் போன்றதே அது.

இங்கே பலர் தவறிய இடம் ஒன்றுண்டு. வலப்புறத் திருகாணிக்கு எத்தனை சுற்றோ, இடப்புறத்துக்கும் அத்தனை சுற்றுக் கொடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடும் என எண்ணினர். வரவில்லை. ஏனெனில் ஒரு தடுப்பு சற்றே தேய்ந்திருக்கலாம். ஒரு வால்வின் இடைவெளி மாறியிருக்கலாம். ஓர் இணைப்பின் ஊடாகக் காற்றுக் கசியலாம். இக்குறைகளை முதலில் நீக்கவேண்டும். அதன் பின்னரும், சம சுற்றுகளைக் கொடுத்தோமா என்பதன்று கேள்வி. இரு சிலிண்டர்களும் சமமாக மூச்சுவிடுகின்றனவா என்பதே கேள்வி.

1969இல் யப்பானிய ஹொண்டா நிறுவனத்தின் சீபீ 750 சந்தைக்கு வந்தது. அதிலே நான்கு சிலிண்டர்களும் நான்கு காபரேற்றர்களும் இருந்தன. இரு சீறல்களை ஒப்பிட்ட செவி, நான்கினை ஒருங்கே ஒப்பிட வல்லதன்று. அப்போது கைகொடுத்தது பௌதிகம். 1643இல் டொரிசெல்லி பாதரசத் தம்பத்தைக் கொண்டு வளிமண்டல அமுக்கத்தை அளக்கக் காட்டிய வழியே இங்கும் பயன்பட்டது. நான்கு உறிஞ்சு வழிகளையும் நான்கு பாதரசக் குழாய்களுடன் இணைத்தால், உறிஞ்சுதல் மிகுந்த குழாயில் பாதரசம் உயர்ந்து நிற்கும். நான்கும் ஒரே மட்டத்துக்கு வருமாறு திருத்தினால் வேலை முடிந்தது. செவி கேட்டதைக் கண் கண்டது. பாதரசம் நஞ்சாதலால், பின்னர் முள் காட்டும் மானிகளும் மின்னியற் கருவிகளும் அதன் இடத்தைப் பிடித்தன.

அவ்வண்டியின் முதல் மாதிரியில் ஒரு கேபிள் நான்காகப் பிரிந்தது. நான்கு கேபிள்கள் நான்கு விதமாக நீளக்கூடியவை. ஆகவே 1970இல் வந்த அடுத்த மாதிரியில், நான்கு தடுப்புகளையும் ஒருங்கே உயர்த்தும் இணைப்புக் கோல் அமைக்கப்பட்டது. சமநிலை நெடுநாள் நிலைத்தது. எனினும், தேய்மானத்துக்கேற்பத் தனித்தனியே திருத்தும் திருகாணிகளை அவர்கள் நீக்கிவிடவில்லை.

காலப்போக்கில், புகை மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இறுகின. பெற்றோலை மின்னியல் முறையிற் பீச்சும் அமைப்பு காபரேற்றரை அகற்றியது. புதிய தலைமுறைப் பொனவில்லும் 2008இல் அம்முறைக்கு மாறியது. பழைமையை விரும்புவோருக்காக அதன் பீச்சு உறுப்புகளைக் காபரேற்றரின் தோற்றத்திலேயே வார்த்தனர். தோற்றம் மட்டுமன்று, கடமையும் எஞ்சியது. பீச்சு முறை வண்டிகளிலும் காற்றுவழிகள் பலவாயிருப்பின், அவற்றைச் சமன்செய்தே ஆகவேண்டும்.

நேயர்களே, வகுப்பறையிலே பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு இவ்வரலாறு ஒன்றை நினைவூட்டுகிறது. எல்லா மாணவருக்கும் ஒரே அளவு சுற்றுக் கொடுத்துவிட்டு, நீதி செய்துவிட்டோம் என்று நாம் அமைதியடைகிறோம். பின்வாங்கில் இருப்பவனின் மூச்சு எங்கே தடைப்படுகிறது என்று காதுகொடுத்துக் கேட்பதில்லை. பழைய வண்டியின் அருகே குழாயும் காதுமாகக் குந்தியிருந்த அந்த மெக்கானிக் அதனைக் கேட்டார். சமத்துவம் திருகாணியில் இல்லை, மூச்சிலே உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.