இடாத்தென்: ஜப்பானில் கந்தன் பற்றிய ஆய்வு

இடாத்தென், ஜப்பானிய பௌத்த மடங்களின் காவல் தெய்வம். வடமொழி மரபின் ஸ்கந்தனே சீனம் வழியாகச் சென்று இவ்வடிவம் பெற்றார் என்பது அறிஞர் பலரின் முடிவு.

கவசம் பூண்ட இளம் படைத்தலைவன்; மயில் இல்லை, சேவல் இல்லை, தேவியரும் இல்லை. கியோத்தோவுக்கு அருகே உஜியில், 1661-இல் எழுந்த மன்புகுஜி மடத்தின் முன்மண்டபத்தில், தொந்தி சரிந்த ஹொத்தே சிலையின் முதுகுப்புறம் மூலமண்டபத்தைப் பார்த்து நிற்கிறார். ஜென் மடங்களில் மடைப்பள்ளிக்கும் இவர்தான் காவல். புத்தரின் பல்லைத் திருடிய அரக்கனைத் துரத்திப் பிடித்த கதையால் ஓட்டக்காரர்களின் சாமியும் ஆனார். ஒலிம்பிக்கில் ஜப்பானின் வரலாற்றைச் சொன்ன 2019-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சித் தொடருக்கு இவர் பெயரையே வைத்தார்கள்.

சீன ஏடுகளைப் படியெடுத்தவர்களின் எழுத்துப்பிழையால் ஸ்கந்தனின் பெயர் திரிந்தது என்று 1916-இல் பிரெஞ்சு அறிஞர் நோயல் பெரி வாதிட்டார். இவ்வாய்வின் தொடக்கப்புள்ளி அந்தக் கட்டுரைதான்.

இதைவிடச் சுவையானது இன்னொரு தடம். ஸ்கந்தனைச் சூழ்ந்த கிரகங்கள் எனும் ஆவிகள் பதினாறு வயதுவரை குழந்தைகளைப் பிடிக்கும் என்கிறது மகாபாரத வனபர்வம். ஜப்பானில் பிள்ளைகளின் நலனுக்காக நடந்த பௌத்தச் சடங்கிலும், குழந்தைகளைப் பீடிக்கும் பதினைந்து கணங்களில் ஒன்றாக ஸ்கந்தன் பெயர் வருகிறது. காக்கும் சாமியே வருத்தும் சாமியாகவும் இருப்பதைப் பௌத்தவியல் அறிஞர் பெர்னார்ட் ஃபோர் 2015-இல் வெளியிட்ட நூல்களில் இந்திய, சீனப் பின்னணியோடு விரித்துக் காட்டினார். நமக்கு இது புதிதல்ல. சங்கப் பாடல்களின் வெறியாட்டிலும் பெண்ணைப் பிடித்து வருத்துவது முருகுதான் என்று பூசாரியான வேலன் சொல்வான்.

தமிழகத்தில், ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகாவும் ஜி. ஜான் சாமுவேலும் சேர்ந்து நிறுவிய ஆசியவியல் நிறுவனம் 1998 டிசம்பரில் சென்னையில் முதல் உலக முருகன் மாநாட்டை நடத்தியது.

ஒப்பீட்டுக்கு எல்லையும் உண்டு. சூரனை வென்ற சினம் தணிந்து, முருகன் வள்ளியை மணந்த இடம் திருத்தணி என்கிறது தலபுராணம். அதனால் கந்தசஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். இடாத்தெனோ கவசத்தைக் கழற்றாதவர். ஜப்பானியர் முருகனை வணங்குகிறார்கள் என்று மேடைகளில் முழங்குவது மிகை. அங்கே போய்ச் சேர்ந்தவர் பௌத்த நூல்களின் ஸ்கந்தன். வள்ளி மணாளன் அல்லர்.