பால்மரத்தின் ஓய்வும் பாட்டாளியின் ஓய்வும்

உழைப்பைப் போற்றுவது தமிழர் மரபு. வள்ளுவர் மடியின்மைக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். பள்ளியில் ஆசிரியர்களாகிய நாமும் "சும்மா இராதே" என்று மாணவர்க்கு நாள்தோறும் அறிவுறுத்துகிறோம். ஆயின், அதே சும்மா இருத்தலைப் பெரும்பேறாகக் கருதிய அருளாளர்களும் இம்மொழியில்தான் பாடிச் சென்றுள்ளனர். இவை ஒன்றற்கொன்று முரணானவை அல்ல. செய்ய வேண்டியதைச் செய்யாது கிடப்பது மடி. செய்து முடித்தபின், பிறர் ஏவலுக்கு உட்படாமல், தன் மனம் சென்ற வழியில் இருப்பது ஓய்வு. இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த கேட்டையும், உணர்ந்ததனால் விளைந்த நன்மையையும் மலாயாத் தோட்டப்புற வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்திலுள்ள சிற்றூர் பெக்கோக். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இருப்புப்பாதை 1909இல் முடிவுற்றது. அப்பாதையில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் இடையே அமைந்தது இவ்வூர் நிலையம். ஒருபுறம் எண்டாவ்-ரொம்பின் பெருங்காடு. மறுபுறம் காடழித்து உண்டாக்கிய இரப்பர்த் தோட்டங்கள். இத்தகைய ஊர்களில்தான் கடல் கடந்து வந்த தமிழர் பால்மரத்தோடு தம் வாழ்வைப் பிணைத்துக் கொண்டனர். எனவே, பால்மரத்திலிருந்தே நம் ஆராய்ச்சியைத் தொடங்குவோம்.

மரத்திற்குக் கிடைத்த ஓய்வு

1877இல் 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் அங்குள்ள பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தின் உள்ளுடல் புண்படாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். வைகறைக் குளிரில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். பாலும் நன்கு ஒழுகும். வெயில் ஏறினால் ஒழுக்கு குறையும். தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு நடந்ததற்கு இதுவே காரணம்.

மற்றோர் உண்மையும் உண்டு. வெட்டிய மரம் இழந்த பாலை உடனே ஈடுசெய்துவிட இயலாது. பட்டையிலுள்ள நுண்குழல்களில் பால் மீண்டும் ஊற இரண்டு மூன்று நாள் வேண்டும். இடைவிடாது வெட்டினால் முதலில் பால் நீர்த்துப் போகும். பின்னர்ப் பட்டை வறண்டு, எவ்வளவு சீவினாலும் பால் வாராத நிலை உண்டாகும். ஆதலின் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை தோட்டங்களில் நிலைபெற்றது. வெட்டாத நாளில் மரம் வீணே நிற்பதாக எந்தத் துரையும் கருதவில்லை. நாளைக்குரிய பால் இன்றைய ஓய்வில்தான் ஊறுகிறது என்பதனைக் கணக்கறிந்த முதலாளி நன்கு அறிந்திருந்தார்.

வெட்டியவர்க்குக் கிட்டாத ஓய்வு

மரத்திற்கு உணர்ந்த இவ்வுண்மையை மனிதனுக்கு உணர்ந்தனரா? இல்லை. ஒரு பகுதி மரங்கள் ஓய்ந்திருந்த நாளில் அவற்றை வெட்டிய தொழிலாளி வேறொரு பகுதிக்கு அனுப்பப்பட்டார். மரத்திற்கு முறை வைத்து ஓய்வு. வெட்டுபவர்க்கோ முறை வைத்து வேலை. வெட்டு, பாலெடுப்பு, நிறுவை என எல்லாம் முடிய நண்பகல் கடந்துவிடும். அதன்பின்னும் வேறு வேலைகளுக்கு ஏவப்படுதல் உண்டு.

1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதன்மையானவர். கூலி உயர்வோடு, 10 மணி முதல் 12 மணி நேரம் வரை நீளும் வேலைநாளை ஒழித்தல், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், உற்றார் உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோதல், துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியனவும் அவர்தம் கோரிக்கைகள். இவற்றை ஊன்றி நோக்கின், வயிற்றுக்குரியவற்றோடு வேலை முடிந்த பின்னுள்ள பொழுதுக்குரியவையும் இருப்பது புலனாகும். அப்பொழுது எம்முடையது; அதில் யாரோடு பேசுவது, எங்கே போவது, எதைப் படிப்பது என்பதை யாமே முடிவு செய்வோம் என்பதே அவற்றின் உட்பொருள். அரசு அப்போராட்டத்தைப் படை கொண்டு அடக்கியது. ஐவர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இங்கு மற்றொரு செய்தியையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். தோட்டக் கூலியாகச் செல்ல மறுத்துத் தம் வயலையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்த மலாய் மக்களைக் குடியேற்ற ஆட்சியினர் சோம்பேறிகள் என்றனர். அறிஞர் சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், இப்பழி முதலாளியத்தின் தேவைக்காகப் புனையப்பட்ட கட்டுக்கதை என்பதனை விரிவாக நிறுவினார். பணிய மறுத்தவர் சோம்பேறி. பணிந்த தமிழர் நல்ல கூலி. இருவர்க்கும் பெயரிட்டது ஒரே அளவுகோல்தான்.

பிற்பகலின் விளைச்சல்

போருக்குப் பின்னர் நிலைமை மெல்ல மாறியது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் தோன்றியது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் வாரத்திற்கு ஒருநாள் ஓய்வை உரிமையாக்கியது. பால்வெட்டு வேலை நண்பகலையொட்டி முடிந்ததால், பிற்பகல் தொழிலாளியின் சொந்தப் பொழுதாகும் வாய்ப்பு விரிந்தது.

அப்பொழுதில் விளைந்தவை யாவை? மாரியம்மன் திருவிழாவுக்குரிய கூத்தும் நாடகமும் லயத்து வாயிலில் ஒத்திகை பார்க்கப்பட்டன. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அச்சான நாளிதழ்களை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன், 1950இல் கதை வகுப்பு ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதன் ஆசிரியர்கள். சிறுகதை எழுதும் முறையை அவர்கள் நாளிதழ் வாயிலாகவே கற்பித்தனர். வாசகர் பயிற்சி எழுதி அனுப்பினர். கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தின் வழியே இளைஞரை எழுதத் தூண்டியது. இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதை தன் மண்ணைப் பாடத் தொடங்கிய காலம் இதுவே.

இம்மலர்ச்சிக்கு ஓய்வு ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். பள்ளியும் அச்சும் சீர்திருத்த இயக்கங்களும் பெருங்காரணங்கள். எனினும், அவையெல்லாம் வேரூன்றுதற்கு ஒரு நிலம் வேண்டும் அன்றோ? அந்நிலம் வேலை முடிந்த பிற்பகலே. மேனாட்டறிஞர் பெர்ட்ரண்ட் ரசல் 1932இல் எழுதிய கட்டுரையில், நாகரிகத்தை வளர்த்தது ஓய்வுடைய வகுப்பே என்றும், ஓய்வு எல்லார்க்கும் பங்கிடப்பட வேண்டும் என்றும் வாதிட்டார். பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்பதே பொருள். செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த அப்பேற்றின் சிறு பங்கு கிட்டியவுடன், நம் தோட்டப்புறத்தார் அதனைக் கதையாகவும் கூத்தாகவும் மாற்றிக் காட்டினர்.

பங்கு பெறாதோர்

இவ்வரலாற்றின் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. ஆடவரோடு ஒப்ப மரம் வெட்டிய பெண்களுக்குப் பிற்பகல் ஓய்வாக அமையவில்லை. விறகு, தண்ணீர், துணி, அடுப்பு, குழந்தை என அடுத்த வேலை அங்கே காத்திருந்தது. கூத்தைப் பயிலவும் கதையை எழுதவும் ஆடவர்க்குக் கிடைத்த பொழுது, அப்பெண்களின் உழைப்பால் வந்த பொழுதே. அக்கால எழுத்தாளர் வரிசையில் ஆண்பெயர் மிக்கிருத்தல் ஆற்றலின் ஏற்றத்தாழ்வால் அன்று; பொழுதின் ஏற்றத்தாழ்வால் ஆகும். மேலும், 1948 முதல் 1960 வரை நிலவிய அவசரகாலத்தில் ஊரடங்கும் வேலியும் மக்களை வீட்டில் இருத்தின. அஞ்சி முடங்கிக் கிடத்தலை ஓய்வென்று யாரும் சொல்லார். கள்ளுக்கடையில் கரைந்த பொழுதும் அவ்வாறே. விடுதலை இல்லாத பொழுது விளையாது.

இன்று நாம் செய்ய வேண்டுவது

இன்று ஜொகூரில் பால்மரம் நின்ற நிலங்களுள் பல செம்பனைக் காடாகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைகளையும் நகரங்களையும் நாடிச் சென்றுள்ளனர். 2023இல் வாரத்திற்குரிய வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. ஆயின், மிகைநேர வேலையும் நெடும்பயணமும் கைப்பேசியும் எஞ்சிய பொழுதை விழுங்குகின்றன.

மாணவர் நிலை இன்னும் எண்ணத்தக்கது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதனால் பிள்ளைகளின் பிற்பகல் அவர்களிடமே திரும்பி வந்துவிட்டதா? பள்ளி விட்டதும் தனிவகுப்பு, பின்னர் மற்றொரு வகுப்பு என ஓடும் பிள்ளை எப்பொழுது கதை கேட்கும்? எப்பொழுது தானே ஒரு கதை கட்டும்? பயிற்சித்தாள் நிரப்பிய கை பிழையின்றி எழுதும். ஆனால், எழுதுதற்குரிய பொருள் ஓய்ந்திருக்கும் உள்ளத்தில்தான் ஊறும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே! வாரத்தில் ஒரு பிற்பகலையேனும் மாணவர்க்குப் பாடமின்றி, பணியின்றி விட்டுவையுங்கள். ஒரு நூலகமும் ஒரு மரநிழலும் அருகிருந்தால் போதும். பெற்றோர் கேட்டால், வெட்டாத நாளில்தான் பால்மரத்தில் பால் ஊறியது என்பதனை எடுத்துக் கூறுங்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு அது விளங்காமல் போகாது.