நாகூர் வழிவந்த முன்ஷி அப்துல்லா

முன்ஷி அப்துல்லாவை நம் பிள்ளைகள் மலாய் இலக்கியத்தின் தந்தையாகப் பள்ளியில் படிக்கிறார்கள். அவருடைய பாட்டனாரின் தந்தை ஏமனிலிருந்து வந்து நாகூரில் பெண் எடுத்தவர். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

அப்துல்லா 1796இல் மலாக்காவில் பிறந்தார். சிறுவயதில் தந்தை அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். அன்றைய மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம். கணக்கு எழுத அது தேவைப்பட்டது. (இன்றும் கடையில் தமிழில் மனக்கணக்குப் போடும் நமக்கு இதில் வியப்பில்லை.) பிறகு ராஃபிள்ஸிடம் எழுத்தராகவும், பாதிரிமாருக்கு மலாய் ஆசிரியராகவும் இருந்தார், அச்சுத் தொழிலும் கற்றார்.

ஐரோப்பாவில் 'அறிவொளிக் காலம்' என்று சொல்வார்களே, அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் ஜான் லாக். மக்களின் உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றைக் காக்கவே அரசு இருக்கிறது என்று 1689இல் வெளிவந்த நூலில் எழுதினார். அரசனைக் கேள்வி கேட்கக் கூடாது என்று பலரும் நம்பிய காலம் அது.

இதே விஷயத்தை நம் கடற்கரையில் நேரில் பார்த்து எழுதியவர் அப்துல்லா. கிளந்தானில் நடந்த சண்டையால் சிங்கப்பூர் வணிகர்களின் சரக்கு அங்கே மாட்டிக்கொண்டது. அதற்கான கடிதங்களோடு 1838இல் கப்பலேறினார். வழியில் பகாங், திரங்கானு. மண் வளமாக இருந்தும் மக்கள் ஏழைகளாக இருந்தார்கள். சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை அவர், காரணம் தேடினார். நல்ல வீடு கட்டினால், தோட்டம் போட்டால், மேலிடத்தார் பறித்துக்கொள்வார்கள் என்ற பயம்தான் காரணம் என்று எழுதினார். வியாபாரிக்கு இது சட்டென்று புரியும். நாளைக்குச் சரக்கு கையில் இருக்குமா என்று தெரியாதவன் எப்படி முதல் போடுவான்?

பிறர் பொருளை அநியாயமாக எடுப்பது ஹராம் என்பது நம் மார்க்கத்தில் புதிதல்ல. அந்த அளவுகோலை ஆள்பவர்கள் மீது வைத்து, மலாயில் அச்சிட்டு எல்லாரும் படிக்கக் கொடுத்தாரே, அதுதான் புதிது.

வெள்ளைக்காரரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்று அவர்மீது ஒரு குறை உண்டு. நியாயமான குறைதான். பிறர் நாட்டைப் பிடித்து ஆண்டவர்களிடம் அவர் அதே கேள்வியை அவ்வளவு அழுத்தமாகக் கேட்கவில்லை.

தம் வாழ்க்கை வரலாறான 'ஹிக்காயாட் அப்துல்லா'வை 1849இல் வெளியிட்டார். அரசர் கதைகளே பெருகியிருந்த மலாயில், ஒரு சாதாரண மனிதர் 'நான் பார்த்தேன்' என்று எழுதிய நூல் அது. 1854இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் ஊர் திரும்பவில்லை. அந்தப் பயணத்திலேயே வஃபாத்தானார்.