ஆம்பூர்ப் போரும் பேரனின் கம்ப்யூட்டரும்



போன வருடம் ஒரு பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே முடித்து, எங்களோடு இருக்கும் பேரனுக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்தேன். அவன் விளையாடும் ராஜ்ஜியப் போர் விளையாட்டு போகப் போக மெதுவாகிறது என்பது அவன் குறை. கார்டு மாட்டியதும் குதிரைகளும் கோட்டைகளும் பளபளத்தன. ஆனால் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்காக அவன் காத்திருக்கும் நேரம் அப்படியே இருந்தது. "பரவாயில்லை தாத்தா" என்றான். அந்தப் "பரவாயில்லை"தான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. நம் குடியிருப்பிலும் பல வீடுகளில் இதே பேச்சு நடக்கும் என்பதால் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். பணத்தை எடுக்கும் முன் படித்துவிடுங்கள்.

நம் ஊர்க் கதையிலிருந்து தொடங்கலாம். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். எதிரே நின்றவர்கள் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை. நவாபின் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பினார். அதன் பிறகுதான் சந்தா சாகிப் திருச்சியை நோக்கினார். ஆங்கிலேயர் முகம்மது அலிக்குத் துணை வந்தனர். ஆம்பூரில் யார் விழுந்தார் என்று தெரியும் முன் அடுத்தவர் எவரும் தன் முடிவை எடுத்திருக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் விளையாட்டிலும் சிக்கல் இதேதான். 2009-இல் வந்த 'எம்பயர்: டோட்டல் வார்' இந்த 18-ஆம் நூற்றாண்டையே களமாகக் கொண்டது, ஐரோப்பா, அமெரிக்காவோடு இந்தியாவும் அதில் உண்டு. நீங்கள் உங்கள் ஆட்டத்தை முடித்ததும் மற்ற ராஜ்ஜியங்கள் அனைத்துக்கும் கம்ப்யூட்டரே ராஜாவாகி யோசிக்கிறது. படை எந்த வழியில் போவது, யாரோடு சமாதானம், எந்த ஊரில் என்ன கட்டுவது என எல்லாம் கணக்கு. படம் வரைவது மட்டுமே கிராபிக்ஸ் கார்டின் முக்கிய வேலை. ராஜாக்களின் யோசனை நடப்பது பிராசஸரில். நான் காசைப் போட்டது தப்பான கவுண்ட்டரில்!

சரி, இப்போதைய பிராசஸரில் எட்டு, பத்து கோர்கள் இருக்கின்றனவே, ஆளுக்கு ஒரு ராஜாவைக் கொடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். இதற்கு 1967-லேயே ஐபிஎம்மில் இருந்த ஜீன் அம்டால் பதில் சொல்லிவிட்டார். நம் பக்கத்து டேனரியை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். தோலில் ஒட்டிய சதையை வழித்தெடுக்கப் பத்து ஆள் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊற வேண்டிய நேரம், நூறு ஆளை நிறுத்தினாலும் குறையாது.

கணக்காகவே போடுவோம். ஒரு வேலைக்கு 10 நிமிடம். அதில் 6 நிமிடம் வரிசையாகத்தான் நடக்க வேண்டும். 4 நிமிடத்தைப் பங்கிடலாம். நாலு ஆள் போட்டால் மொத்தம் 7 நிமிடம். நூறு ஆள் போட்டாலும் 6 நிமிடத்துக்குக் கீழே இறங்காது. அம்டால் விதி என்பது இவ்வளவுதான்.

அப்படியானால் சதுரங்கத்தில் எப்படி முடிந்தது? 1997 மே மாதம் காஸ்பரோவைத் தோற்கடித்த ஐபிஎம்மின் 'டீப் ப்ளூ'வில் சதுரங்கத்துக்கென்றே செய்த 480 சில்லுகள் இருந்தன. விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அது அலசியது. அங்கே வேலையைப் பங்கிட முடிந்தது. 'யானையை நகர்த்தினால் என்ன ஆகும்' என்பதை ஒரு சில்லும், 'குதிரையை நகர்த்தினால்' என்பதை இன்னொன்றும் பார்க்கலாம்; பெரும்பாலும் ஒன்றுக்காக மற்றது காத்திருக்க வேண்டாம். ராஜ்ஜிய விளையாட்டில் ஒருவர் ஊரைப் பிடித்தபின் அடுத்தவருக்கு உலகமே மாறிவிடுகிறது.

ஆள் கூட்டிப் பயனில்லை என்றால் ஒரே ஆளை வேகமாக ஓட வைக்கலாம். பல வருடம் அதுதான் நடந்தது. 1993-இல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸ். 2004 இறுதியில் பென்டியம் 4, 3.8 கிகாஹெர்ட்ஸ். பதினோரு வருடத்தில் 50 மடங்குக்கு மேல்! அந்தக் காலத்தில் விளையாட்டு மெதுவாக ஓடினால் அடுத்த கம்ப்யூட்டர் வரும்வரை பொறுத்தால் போதும். பிறகு சூடு குறுக்கே வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் 2004-லேயே கைவிட்டு, கோர்களைக் கூட்டும் வழிக்குத் திரும்பியது. அதன் பிறகு இருபது வருடத்தில் 6.2 கிகாஹெர்ட்ஸ் வரைதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் செய்யும் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் பழைய பாய்ச்சல் இல்லை.

மிச்சம் இருப்பவை இரண்டு வழிகள். முதலாவது, எங்கள் வங்கி ஆட்களுக்கு உடனே புரியும். லெட்ஜர் மேஜையிலேயே இருந்தால் நொடியில் பதிவு போடலாம். ரெக்கார்டு ரூமுக்குப் போய் எடுத்துவர வேண்டுமென்றால், எவ்வளவு கெட்டிக்கார கிளார்க்கானாலும் பாதி நேரம் நடையிலேயே போய்விடும். பிராசஸருக்கு அந்த மேஜைதான் 'கேச்'. ஏஎம்டி நிறுவனம் 2022-இல் விட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் இந்த மேஜையை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக்கினார்கள். துடிப்பு வேகம் முந்தைய மாடலைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் பெரிய வியூக விளையாட்டுகள் பலவற்றில் அதுவே முந்தியது.

இரண்டாவது, வேலையின் முறையையே மாற்றுவது. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோல், குரோம் முறையும் சுழலும் டிரம்மும் வந்ததும் ஓரிரு நாளில் பதமானது. அது ஆள் கூட்டி வந்த வேகமில்லை. (அதற்குப் பாலாறு கொடுத்த விலையும், 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் நமக்குத் தெரியும்.) சுவீடனின் 'ஸ்டெல்லாரிஸ்' விளையாட்டில் குடிமக்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு வந்தார்கள், ஆட்டம் நீள நீள மூச்சு வாங்கியது. 2025-இல் ஒரே மாதிரியானவர்களைக் குழுவாகச் சேர்த்துக் கணக்கிடும்படி மாற்றினார்கள். ஒவ்வொரு செலானையும் எண்ணாமல் கட்டின் மொத்தத்தை எடுப்பது போல.

இனி, கடைக்குப் போகும் முன் மூன்று சோதனைகள்:

ஒன்று, விளையாட்டில் படத் தரத்தைக் கடைசி அளவுக்குக் குறையுங்கள். அப்போதும் சுற்றுக்குச் சுற்று அதே காத்திருப்பு என்றால் கிராபிக்ஸ் கார்டு குற்றவாளி இல்லை.

இரண்டு, டாஸ்க் மேனேஜரில் கோர்களைத் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று மட்டும் முழு மூச்சாக உழைக்க மற்றவை சும்மா இருந்தால், கோர் அதிகமுள்ள பிராசஸர் வாங்கிப் பலனில்லை.

மூன்று, பழைய 32 பிட் விளையாட்டு என்றால், ராம் எவ்வளவு போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கை எட்டாது. 'எம்பயர்' அந்த வகைதான்.

இதையெல்லாம் படித்து முடித்து, பேரனோடு உட்கார்ந்தேன். புதிய ஆட்டத்தில் ராஜ்ஜியங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, சிறிய வரைபடத்தில் தொடங்கினான். காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்தது. செலவு பூஜ்யம். முதலிலேயே இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் டெபாசிட்டும் தப்பியிருக்கும். இப்போது அவனுக்கு ஆம்பூர்ப் போரின் தேதியும் தெரியும். எனக்கு அவன் விளையாட்டும் தெரியும்.

சந்தேகம் இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பூங்கா பெஞ்சுக்கு வாருங்கள்.