பாயும் வாங்கும்: யாழ்ப்பாணத் திருச்சபையும் தமிழ்ப் பண்பாடும்

மருதனார்மடத்திலுள்ள கிறிஸ்த சேவாச்சிரமம் 1939ஆம் ஆண்டில் அருட்டிரு செல்வரத்தினம் அவர்களால் நிறுவப்பெற்றது. மேனாட்டு ஆலயங்களின் கோபுரமும் உயர்ந்த பீடமும் வாங்கு வரிசைகளும் தமிழ் மண்ணுக்கு அந்நியமானவை என்ற உணர்வே அத்தகைய ஆச்சிரமங்கள் தோன்றக் காரணமாயிற்று. நிலத்தில் அமர்ந்து தமிழிற் பாடி, மௌனத்திலே தியானித்து, எளிய வாழ்வு வாழும் துறவியருக்குத் தமிழர் எக்காலத்தும் அளித்து வந்த மதிப்பைக் கிறிஸ்தவமும் தனதாக்கிக்கொள்ள வேண்டும் என அவ்வியக்கத்தினர் கருதினர். திருப்பத்தூரில் 1921இல் ஏசுதாசன், பேற்றன் ஆகிய இருவரும் அமைத்த கிறிஸ்துகுல ஆச்சிரமம் இவ்வகையில் அவர்களுக்கு முன்னோடியாயிருந்தது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர் இதே குடாநாட்டில் நிகழ்ந்த வேறொன்றையும் இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். அரசாங்க உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சாதி வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற கட்டளை 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் நடைமுறைப்படுத்தப்பட முற்பட்டபோது, பல பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. அதுவரை ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பலர் வகுப்பறையில் நிலத்தில் அமர்த்தப்பட்டனர். அல்லது வெளியே நிறுத்தப்பட்டனர். வாங்கில் ஏறி அமர்வதே அப்பிள்ளைகளுக்கு விடுதலையாயிருந்தது.

ஆக, ஒரு சாரார் நிலத்தை விட்டு வாங்கிலேற வழியின்றித் தவித்த காலத்தை அடுத்து, மற்றொரு சாரார் வாங்கை விட்டுப் பாயில் இறங்கினர். முன்னவருக்கு நிலம் இழிவின் அடையாளம். பின்னவருக்கு அது பண்பாட்டின் அடையாளம். இரு செயல்களுக்கும் கிறிஸ்தவ இறையியலில் நியாயம் உண்டு. இறைவன் மனுவுருவெடுத்து ஒரு குறிப்பிட்ட மக்களின் மொழியையும் வழக்கத்தையும் ஏற்றான் என்னும் கோட்பாடு, திருச்சபை தமிழாக வேண்டும் என்கிறது. கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒரே உடல் என்னும் கோட்பாடு, தமிழ்ச் சமூகம் வகுத்த உயர்வு தாழ்வை அழிக்க வேண்டும் என்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் இடத்தில் யாழ்ப்பாணத் திருச்சபை எதனைத் தெரிந்தது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பளையில் டானியல் பூவரும் எட்வேட் வாறனும், வட்டுக்கோட்டையில் மெய்க்சும் றிச்சாட்சும் தங்கினர். விடுதிப் பாடசாலை தொடங்கிய உடனேயே அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் நூல்களைப் பற்றியதன்று; சோற்றைப் பற்றியது. மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண உயர்சாதி மாணவர் மறுத்தனர். எனவே சமையல் வளவுக்கு வெளியே நடைபெற வேண்டியதாயிற்று. படிப்பு உள்ளே, அடுப்பு வெளியே என்ற இந்த ஏற்பாடு காலப்போக்கில் மாறியதாயினும், அதன் உட்பொருள் எளிதில் மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரியில் வானியலும் கணிதமும் தமிழிலக்கியமும் சேர்த்துக் கற்பிக்கப்பட்டன. அதன் கல்விச் சிறப்பைப் பலரும் எழுதியுள்ளமையால் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

ஆயினும் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. மாணவர்க்கு உதவிய அமெரிக்க அன்பர்களின் பெயர்களையும் மிஷனரிமாரின் பெயர்களையும் அவர்களுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. சதாசிவம்பிள்ளை ஆணல்ட் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை சாள்ஸ் வின்ஸ்லோ ஆனார். பின்னர் சைவத்துக்குத் திரும்பித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் ஆங்கில முதலெழுத்துக்களான சி. டபிள்யூ. என்பன தமிழிற் சி. வை. ஆகி, ஊர்ப்பெயரையும் தந்தையார் பெயரையும் குறித்து நின்றன. ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதனின் சமய வரலாறு முழுவதும் ஒளிந்திருக்கும் இத்தகைய எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆணல்ட் சதாசிவம்பிள்ளையோ கிறிஸ்தவராகவே வாழ்ந்து, 1886இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். இருவரும் தமிழை விட்டாரல்லர். பெயர் மாறிய போதும் மாறாதிருந்தது தமிழ்; அதனோடு மாறாதிருந்த மற்றொன்று சாதி.

இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்திருந்தன என்பதை விளங்கிக்கொள்ளப் பாக்குநீரிணையைக் கடந்து தஞ்சைக்குச் சென்று வருதல் பயனுடைத்து. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞருள் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவர். 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் அவரைச் சார்ந்தோரும் புதிய மிஷனரிமார் மீது நான்கு குற்றங்களைச் சாட்டினர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர்; வழிபாட்டிலிருந்து தமிழிசையை நீக்குகின்றனர்; விழாக்களில் மலர் சூட்டும் வழக்கத்தைத் தடுக்கின்றனர்; சாதிகளை வலிந்து ஒன்றாகக் கலக்கின்றனர். முதல் மூன்றையும் வாசிக்கையில் இன்றைய வாசகன் சாஸ்திரியாருடன் உடன்படுவான். நான்காவதை வாசிக்கையில் திடுக்குறுவான். சாஸ்திரியாருக்கோ நான்கும் ஒரே வரிசையில் நின்றன. மலரும் இசையும் எவ்வாறு தமிழ் வழக்கமோ, திருவிருந்திற் சாதிக்கொரு வரிசையும் அவ்வாறே தமிழ் வழக்கம் என்று அவர் கருதினார். 1833இற் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் திருச்சபையிற் சாதி முற்றாக ஒழிய வேண்டும் எனக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு நீங்கினர். கத்தோலிக்கர் நிலையும் வேறாக இருக்கவில்லை. வடக்கன்குளத்தில் இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாதவாறு ஆலயமே இரண்டாகப் பிரித்துக் கட்டப்பட்டது; இடைநின்ற சுவர் 1910இலேயே இடிக்கப்பட்டது.

சாஸ்திரியாரை இகழ்தல் எனது நோக்கமன்று. பண்பாட்டைப் பேணுவோம் என்று கூறும்போது அதனுள் எதெதனைச் சேர்த்துப் பேணுகின்றோம் என்ற வினாவை அவரே நமக்குத் தெளிவாக எழுப்புகின்றார். தமிழைக் காத்தவர் சாதியையும் காத்தார். சாதியை எதிர்த்த வெள்ளையர் தமிழையும் எதிர்த்தனர். இந்த அவலமான பிணைப்பை அவிழ்ப்பதே பின்வந்தோரின் பணியாயிருந்திருக்க வேண்டும்.

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். சபை தன்னைத் தானே ஆண்டு, தன்னைத் தானே தாங்கி, தன்னைத் தானே பரப்ப வேண்டும் என்ற கொள்கையுடைய அமெரிக்க மிஷன் செயலாளர் றூவஸ் அன்டர்சன் 1855இல் இங்கு வந்தார். ஆங்கிலக் கல்வி மாணவரை அரச உத்தியோகத்துக்கு அனுப்புகின்றதேயன்றிக் கிராமச் சபைகளுக்கு அனுப்பவில்லை என்று கண்டு செமினரி மூடப்பட்டது. கொள்கையளவில் இது சுதேச சபைக்கான முயற்சியே. ஆயினும் சுதேசிகளான கிறிஸ்தவப் பெரியோரே மீண்டும் ஆங்கில உயர்கல்வி வேண்டும் என்று முயன்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்ற வழிசெய்தனர். எது சுதேசம் என்பதைப் பொஸ்ரன் நகரிலிருந்து தீர்மானித்தல் இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைத் தமிழரே கையிலெடுத்தனர். 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை சென்னையில் உதயமானபோது, அதன் யாழ்ப்பாணப் பேராயராகச் சபாபதி குலேந்திரன் திருநிலைப்படுத்தப்பட்டார். 1964இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது நூல், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கோட்பாட்டை ஒப்புநோக்குவது; 1967இல் வந்த தமிழ் வேதாகம வரலாறு இன்றும் பயன்படுவது. சைவ சித்தாந்தத்தின் அருட்கோட்பாட்டை மேம்போக்காகத் தள்ளிவிடாமல் அதனோடு நேர்நின்று வாதிட்டவர் அவர். இரு சமயமும் ஒன்றே என்று முடித்துவிடும் எளிய வழியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தெல்லிப்பளையிற் பிறந்த டி. ரி. நைல்ஸ் (1908–1970) 1948இல் அம்ஸ்ரர்டாமில் உலகத் திருச்சபை மன்றத்தின் தொடக்க ஆராதனையிற் பிரசங்கித்தவர். மேனாட்டார் நற்செய்தியை விதையாகக் கொணராது சட்டியில் வளர்ந்த செடியாகக் கொணர்ந்தனர், சட்டியை உடைத்து இம்மண்ணில் நடுதல் வேண்டும் என்ற உவமை அவர் பெயராலேயே வழங்குகின்றது. சட்டியை உடைத்தல் சரியே. ஆனால் எந்த மண்ணில் நடுவது? யாழ்ப்பாண மண் ஒரே மண்ணாகவா இருந்தது?

கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களை நோக்கினால் இவ்வினாவுக்கு எதிர்பாராத விடையொன்று கிடைக்கின்றது. குருநகர், பாசையூர் முதலிய ஊர்களிற் கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாக நாட்டுக்கூத்து ஆடி வந்தனர். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘ஞானசவுந்தரி’ முதலிய கூத்துக்கள் பீடத்திற் பூசை இலத்தீனில் நடைபெற்ற காலத்திலேயே, ஆலய முன்றிலில் விடியவிடியத் தமிழில் ஆடப்பட்டன. அவர்களுக்குத் திருச்சபையைத் தமிழாக்குங்கள் என்று எவரும் உபதேசிக்கவில்லை. இறையியற் கல்லூரி எதுவும் அனுமதி வழங்கவுமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) தாய்மொழி வழிபாட்டுக்கு வாயிலைத் திறந்தபோது கற்றோர் அதனைப் புதுமையென வரவேற்றனர். அச்சங்கம் முடிவுற்ற 1965ஆம் ஆண்டிலேயே மரிய சேவியர் அடிகளார் நிறுவிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகங்களைப் பேரரங்குகளில் ஏற்றியதோடு கூத்து மரபையும் பேணியது. சுதேசமாக்கல் என்றவுடன் நாம் நினைப்பது குத்துவிளக்கு, கருநாடக இசை, சந்தனம் ஆகியவற்றையே. இவை தமிழரின் ஒரு பகுதியினரது பண்பாடு. பறையும் கூத்தும் ஒப்பாரியும் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை.

இக்குறையைத் தமிழகத்தில் மிகக் கூர்மையாக உணர்ந்தவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் கற்பித்த அவர், கருநாடக இசையில் அமைந்த வழிபாடு உயர்சாதியாரின் பண்பாட்டையே மீளவும் பீடத்தில் ஏற்றுகின்றது எனக் கண்டு, நாட்டுப்புற மெட்டுக்களில் வழிபாட்டு முறையையே அமைத்தார். ஒரே உலையிற் பொங்கிப் பகிர்ந்துண்ணல் என்பது அவரது இறையியலின் நடுநாயகமான கருத்து. தெல்லிப்பளையில் வளவுக்கு வெளியே மூட்டப்பட்ட அடுப்புக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் பின்னர் எழுந்த மறுமொழியாகவே அதனை நான் வாசிக்கின்றேன்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய மறுமொழி எழவேயில்லை என்பது பொருந்தாது. 1924இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவரான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர்; யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர்; பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபர். 1927 நவம்பரிற் காந்தியடிகளை இங்கு வரவேற்ற அவ்வியக்கம் தீண்டாமையை எதிர்த்தது. சம ஆசனத்தை ஆதரித்தது. ஆயினும் இது இளைஞர் அரங்கில் நிகழ்ந்ததேயன்றி ஆலயத்தினுள் நிகழ்ந்ததன்று. 1968இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தபோது, எமது வாயில் எவருக்கும் அடைக்கப்படவில்லை என்று கிறிஸ்தவர் பெருமை கொண்டிருக்கலாம். வாயில் திறந்திருந்தது உண்மை. உள்ளே யார் எங்கு அமர்ந்தனர் என்பது வேறு வினா.

பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஊரிலே, எனது அம்மம்மா சிறுமியாயிருந்த காலத்துத் திருவிருந்தைப் பற்றி அவர் ஒருமுறை கூறக் கேட்டேன். கிண்ணம் ஒன்றே. ஆனால் முதலிற் செல்வோர் யார், இறுதியிற் செல்வோர் யார் என்பது எவரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்ததாம். “ஒருத்தரும் சட்டம் போடேல்லை, பிள்ளை” என்றார். அதை அவர் குறையாகக் கூறவில்லை, ஒழுங்காகவே கூறினார். அன்று நான் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. பிற்பாடு சாஸ்திரியாரின் நான்கு குற்றச்சாட்டுக்களை நூலகத்தில் வாசித்தபோதே அவ்வொழுங்கு என்னவென்பது எனக்குப் புரிந்தது.

போர்க்காலத்தில் ஆலயத்தின் தளம் மூன்றாவதொரு பொருளைப் பெற்றது. 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் அயலிலும் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டு வீசப்பட்டதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதுமே வெறுமையாகித் தென்மராட்சி நோக்கி நடந்தது. ஆலய மண்டபங்களில் இந்துவும் கிறிஸ்தவரும் அருகருகே பாய் விரித்தனர். பாய்க்கும் வாங்குக்கும் இடையிலான வழக்கு அங்கே தீர்ந்துவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் விருப்பமே. ஆனால் போர் ஓய்ந்த பின்னரும் நலன்புரி முகாம்களில் நீண்ட காலம் எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். காணியுடையோரும் உறவினர் வீடுடையோரும் வெளியேறினர். ஏனையோருக்கு அதே பாய் எஞ்சியது. அவர்களுட் சிலர் ஞாயிறுதோறும் அயலிலுள்ள ஆலயத்துக்குச் சென்றிருப்பர். அங்கு அவர்கள் அமர்ந்த இடம் எதுவென்று இதுவரை எவரும் எழுதி வைக்கவில்லை.